கொசுறாக வந்த டிக்கெட்

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு பண்டலைப் பிரிக்கிற வரைக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவனுக்கே தெரியாது. போன வருஷம் நான் எடுத்த ஸ்டாக் லாட்டில் கறுப்பு டீ-ஷர்ட் நானூறு பீஸ் வந்தது. நெஞ்சில் நீல உருண்டை, அதற்குள் வெள்ளையில் 'நாசா', குறுக்கே ஒரு சிவப்புக் கீற்று. துணி நல்ல துணி, தையலும் சுத்தம். பிரிண்டில் அந்தச் சிவப்பு மட்டும் அரை சென்டிமீட்டர் விலகி விழுந்திருந்தது. செக்கிங்கில் கழித்துக் கட்டிவிட்டார்கள். எங்கோ வெளிநாட்டுக் கடையில் தொங்க வேண்டிய சரக்கு, அரை சென்டிமீட்டரால் என் கடைக்கு வந்து சேர்ந்தது.

இந்தச் சின்னம் பனியனுக்கு ஏறியதே ஒரு கதை. நீல உருண்டையை 1959ல் நாசாவில் வேலை பார்த்த ஜேம்ஸ் மொடரெல்லி வரைந்தார். 1975ல் அதை ஒதுக்கிவிட்டு, புழு மாதிரி நெளியும் சிவப்பு எழுத்தைக் கொண்டுவந்தார்கள். 1992ல் அதையும் தூக்கிவிட்டுப் பழைய உருண்டைக்கே திரும்பினார்கள். 2017ல் கோச் என்ற கைப்பை நிறுவனம் அந்தப் புழு எழுத்தைத் தன் உடுப்புகளில் போட அனுமதி கேட்டு வாங்கியது. அதன் பிறகுதான் இந்தப் பைத்தியம் உலகம் முழுக்கப் பிடித்தது. நாசா அரசாங்க அமைப்பு என்பதால் சின்னத்துக்கு ராயல்டி கேட்பதில்லை, அனுமதி வாங்கினால் போதும். ராயல்டி இல்லாத படம் என்றால் பனியன்காரன் விடுவானா?

சரக்கு இறங்கிய அன்றே கேரளப் பார்ட்டி ஒருவர் நாற்பது பீஸ் எடுத்தார். பில் போட்டுப் பணம் எண்ணி முடித்ததும் வழக்கமான பேச்சு வந்தது. "ஒரு பீஸ் சேர்த்துப் போடுங்கண்ணே, பையனுக்கு." போட்டேன். போடாமல் அனுப்பினால் அடுத்த முறை எதிர்க்கடையில் நிற்பார். பண்டல் கட்டிக்கொண்டிருந்த தம்பி ஒரு பீஸை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "ஏனுங்ணா, இந்த ராக்கெட்டெல்லாம் நம்ம பக்கம் எங்கயும் நேர்ல பாக்க முடியாதுங்களா?"

அன்று சாயங்காலம் போனில் ஒரு குறுஞ்செய்தி. என் ரயில்வே கார்டில் 2,140 புள்ளி சேர்ந்திருக்கிறது, மாதக் கடைசியில் ஒரு பகுதி காலாவதி. பாலிபேக், லேபிள், அட்டைப்பெட்டி, பார்சல் கூலி என்று கடைக்கு வாங்கியதற்கெல்லாம் அந்தக் கார்டைத் தேய்த்ததில் சேர்ந்தது. ஒரு புள்ளி ஒரு ரூபாய், ரயில் டிக்கெட்டுக்கு மட்டும். மனைவியிடம் சொன்னேன். "ஒத்தையிலயா போறீங்க? ஒரு ஆளுக்குத்தான் புள்ளி வந்துச்சாக்கும்?" என்றாள். ஆமாம், ஒரு ஆளுக்குத்தான் வந்தது.

என் பயணம் பிறந்த கதை இவ்வளவுதான். அந்தப் புள்ளி பிறந்த கதை இன்னும் சுவாரசியமானது.

கொசுறு என்றால் என்ன என்று எங்களூர்ச் சந்தையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்க்காரம்மா கூடையில் கடைசியாகப் போடும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இலவசம் என்று நாம் நினைப்போம். அதன் விலை கத்தரிக்காயில் ஏற்கெனவே ஏறியிருக்கும். இந்தக் கறிவேப்பிலையை எண்ணி, சேர்த்து, பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று முறைப்படுத்தியவர்கள் அமெரிக்கர்கள். 1896ல் ஸ்பெரி அண்ட் ஹட்சின்சன் என்ற நிறுவனம் பச்சை ஸ்டாம்புகளை அச்சடித்துக் கடைகளுக்கு விற்றது. மளிகை வாங்குகிறவர்களுக்குக் கடைக்காரர் ஸ்டாம்பு கொடுப்பார். வீட்டில் நாக்கில் தொட்டுச் சிறு புத்தகத்தில் ஒட்டுவார்கள். புத்தகம் நிறைந்தால் மேசைவிளக்கோ வாணலியோ கிடைக்கும். சிலர் ஒட்டாமலே தொலைத்துவிடுவார்கள். தொலைந்த ஸ்டாம்பும் அந்த நிறுவனத்துக்கு லாபம்தான். இன்று காலாவதியாகிற ஒவ்வொரு புள்ளிக்கும் அதே கணக்கு.

விமானத்துக்கு அது எப்படி ஏறியது? 1978 வரை அமெரிக்காவில் எந்த ஊருக்கு என்ன கட்டணம் என்பதை அரசாங்கமே வைத்திருந்தது. அந்த வருஷம் அக்டோபரில் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஒருவன் விலையைக் குறைத்தால் எல்லாரும் குறைக்க வேண்டியதாயிற்று. காதர்பேட்டையில் ஒரே லாட் நாலு கடைக்கு வந்தால் என்ன நடக்குமோ அதுதான். விமானக்காரர்களுக்கு இன்னொரு வேதனையும் உண்டு. விற்காத பனியனை அடுத்த தீபாவளிக்கு விற்கலாம். விற்காத சீட், விமானம் கிளம்பிய நிமிஷத்தில் செத்துப்போகும். அப்போது அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்தவர் ராபர்ட் கிராண்டால். காலியாகப் போகிற சீட்டையே கொசுறாகப் போட்டால் செலவு ஏறக்குறையப் பூஜ்யம் என்பது அவர் ஆட்களுக்குப் புரிந்தது. யாருக்குப் போடுவது? டிக்கெட் பதியும் சேபர் கணினியில் திரும்பத் திரும்ப வந்த போன் நம்பர்களைத் தேடினார்கள். அடிக்கடி பறக்கிறவர்கள் அகப்பட்டார்கள். 1981 மே 1 அன்று திட்டம் தொடங்கியபோது அப்படித் திரட்டியவர்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல். சில நாளிலேயே யுனைடெட் ஏர்லைன்ஸும் இறங்கியது. இதற்கு முன்பே டெக்ஸஸ் இன்டர்நேஷனல் போன்ற சின்ன கம்பெனிகள் கைவைத்துப் பார்த்ததுண்டு. நின்று நிலைத்தது 1981ல் வந்ததுதான்.

1987ல் சிட்டிபேங்க் அந்த விமான மைலைக் கிரெடிட் கார்டோடு கட்டிப்போட்டது. பறக்காமலே மைல் சேர ஆரம்பித்தது. பாலிபேக் வாங்கிய எனக்கு ரயில் டிக்கெட் வந்ததற்கு மூலம் அங்கேதான். விமானக் கம்பெனி மைலை வங்கிக்கு விற்கும், வங்கி நமக்குக் கொசுறாகப் போடும், அந்தக் காசைக் கடைக்காரரிடம் கமிஷனாகப் பிடிக்கும். இந்த வியாபாரம் எவ்வளவு பெருத்தது என்றால், 2020 கொரோனாவில் விமானங்கள் தரையில் கிடந்தபோது, யுனைடெட் தன் புள்ளித் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் கடன் வாங்கியது. கறிவேப்பிலையை அடமானம் வைத்துக் கடையைக் காப்பாற்றிய கதை! நம் நாட்டில் ஏர் இந்தியா 1994ல் 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' என்று தொடங்கியது.

கொசுறை வைத்தே கடைக்காரரை வென்றவரும் உண்டு. 1999ல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற இன்ஜினீயர், ஒரு உணவுக் கம்பெனியின் அட்டையில் மைல் சலுகை இருப்பதைக் கவனித்தார். அந்தக் கம்பெனி விற்றதிலேயே மலிவானது புட்டிங் கப். 12,150 கப் வாங்கினார், செலவு 3,140 டாலர். லேபிளைக் கிழிக்க நேரமில்லை. புட்டிங்கையெல்லாம் சால்வேஷன் ஆர்மிக்குத் தானமாகக் கொடுத்து, பதிலுக்கு அவர்கள் ஆட்களையே லேபிளைக் கிழிக்க வைத்தார். பன்னிரண்டரை லட்சம் மைல் சேர்ந்தது. காதர்பேட்டையில் பிறந்திருக்க வேண்டிய ஆள்.

விண்வெளிக்கே புள்ளியில் போக முடியுமா என்றால், அதற்கும் விலை எழுதியிருந்தார்கள். 2006ல் வர்ஜின் நிறுவனம் தன் ராக்கெட் விமானத்தில் ஒரு சீட்டுக்கு 20 லட்சம் மைல் என்று சொன்னது, ஒருவர் புக்கும் செய்தார். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால் நான் 20 கோடிக்குப் பாலிபேக் வாங்க வேண்டும். விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எங்கள் தெருவில் சூடு பட்டவர்கள் நிறைய. கார்டில் ஒரு லட்சம் தேய்த்தால் பல கார்டுகளில் இருநூற்றைம்பதிலிருந்து ஆயிரம் ரூபாய்க்குள்தான் புள்ளி பெறும். அந்த லட்சத்தை ஒரு மாதம் கட்டாமல் விட்டால் வட்டி பல கார்டுகளில் மூவாயிரத்து ஐந்நூறுக்குக் குறையாது, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கறிவேப்பிலைக்கு ஆசைப்பட்டுத் தோட்டத்தை எழுதிக்கொடுத்த மாதிரி. பார்ட்டியிடமிருந்து பணம் வந்த பிறகு கார்டைத் தேய்ப்பதுதான் என் பழக்கம். தொண்ணூறு நாள் கடனில் ஓடுகிற ஊரில் இது அவ்வளவு சுலபமில்லை.

சரி, எங்கே போவது? பேப்பரில் எழுதிப் பார்த்தேன். ரயில் பாதைக்குப் பக்கமாக இருப்பது காவலூர். வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை. அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, 1986ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தது. 1977ல் யுரேனஸுக்கு வளையம் இருப்பதைப் பிடித்த இடங்களில் காவலூரும் ஒன்று. பார்வையாளருக்குச் சனிக்கிழமை ராத்திரி, அதுவும் மேகம் மறைக்காமல் இருந்தால். சனிக்கிழமை என் கடையில் கூட்டம் தாளாது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899ல் வந்தது. பழனி வழியாகப் பஸ்தான், ரயில் புள்ளி செல்லாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பார்க்க 2019 முதல் மேடை கட்டி விட்டிருக்கிறார்கள். பதிவு செய்தால் காசு இல்லை, சென்னையிலிருந்து சூலூர்பேட்டைக்கு லோக்கல் ரயிலே போகிறது. ஆனால் ராக்கெட் தேதி தள்ளிப்போனால் என் டிக்கெட் என்னாவது? புள்ளியில் போகிறவனுக்குத் தேதி மாறாத இடம்தான் லாயக்கு. 1963லிருந்து இடம் மாறாமல் நிற்கும், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து ராக்கெட் தளமான தும்பாவைப் பிடித்தேன்.

நள்ளிரவு தாண்டித் திருப்பூருக்கு வரும் திருவனந்தபுரம் ரயிலில் போகவரப் புள்ளி போதுமாக இருந்தது. மேல் கட்டணம் மட்டும் கையிலிருந்து. ஸ்டேஷன் கடையிலிருந்து நடை தூரம். பையில் ஒரு செட் துணி, போர்வை, புளிசாதம். நாசா பனியனைப் போட்டுக்கொண்டு இஸ்ரோவுக்குப் போவது மரியாதையாக இருக்காது என்று மனைவி வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்தாள். தம்பானூரில் இறங்கி, டீ குடித்து, பஸ் பிடித்து, வாசலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனால், எதிரே ராக்கெட் நிலையம் இல்லை. ஒரு மாதா கோயில்.

புனித மரிய மகதலேனா தேவாலயம். இப்போது விண்வெளி அருங்காட்சியகம். பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆற்றுவெள்ளம் மாதிரி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது, செயற்கைக்கோள் அவ்வளவு கீழே இறங்காது, ராக்கெட்தான் போக வேண்டும். அதனால் இந்தியாவின் விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய்க்கு வேறு இடமே வேண்டியிருக்கவில்லை. 1962ல் அவர் போய்ப் பேசியது ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவிடம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆயர் மக்களிடம் கேட்டதையும், அவர்கள் கோயிலைக் கொடுத்ததையும் அப்துல் கலாம் பிற்காலத்தில் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார். மீனவக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. கோயில் பட்டறையாயிற்று, ஆயர் வீடு ஆபீஸாயிற்று.

உள்ளே சைக்கிள் கேரியரில் ராக்கெட் கூம்பை வைத்துத் தள்ளிப் போகும் அந்தப் பழைய படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களூரில் கோன் என்றால் நூல் கோன். நிட்டிங் கம்பெனிக்கு அதையும் சைக்கிளில் இப்படித்தான் கட்டிக்கொண்டு போவார்கள். கயிறு கட்டிய விதம் கூட அதேதான்.

1963 நவம்பர் 21 சாயங்காலம் முதல் ராக்கெட் போனது. அதன் பெயர் நைக்கி அப்பாச்சி. கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் கடையின் நீல உருண்டைக்காரர்கள், நாசா. உள்ளே வைத்த சோடியம் ஆவிச் சரக்கு பிரான்ஸ் கொடுத்தது. பின்னாளில் கணினியும், கடலில் படகுகள் விலகிவிட்டனவா என்று பார்க்க ஹெலிகாப்டரும் ரஷ்யா கொடுத்தது. ஆட்களுக்குப் பயிற்சி அமெரிக்காவில், கலாமும் அதில் போனவர். நம்முடையது இடமும் கைப்பலமும். கைப்பலம் என்பது நிஜமாகவே கைப்பலம். ராக்கெட்டைத் தூக்கும் கிரேனில் ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகி, கடைசியில் ஆட்களே சேர்ந்து தூக்கி ஏவுமேடையில் வைத்ததைக் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தரையில் இருட்டி, மேலே மட்டும் வெயில் படுகிற நேரமாகப் பார்த்து ஏவினார்கள். சோடியம் ஆவி ஆரஞ்சு நிறத்தில் வானத்தில் படர்ந்தது. அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று படம் பிடித்தால் மேல்வானத்துக் காற்றின் கணக்குக் கிடைக்கும்.

அதாவது இந்தியா முதல்முதலாக மேலே போனது கொசுறில். ஆனால் கத்தரிக்காய் யாரிடம் இருந்தது என்று பார்க்க வேண்டும். காந்த நடுக்கோடு நம் கரையில். அவர்கள் கருவியை வைக்க நம் மணல் வேண்டியிருந்தது. 1968 பிப்ரவரி 2 அன்று அந்தத் தளத்தையே ஐ.நா.வுக்கு அர்ப்பணித்தார் இந்திரா காந்தி, எல்லா நாட்டுக்காரரும் வந்து ஏவட்டும் என்று. அதற்குள், 1967 நவம்பரில், நாமே செய்த ரோகிணி ராக்கெட் போயிருந்தது. அதன் விட்டம் 75 மில்லிமீட்டர், ஒரு நூல் கோனின் அடிப்பக்கம் அளவு.

முதல் இந்தியச் செயற்கைக்கோளான ஆரியபட்டாவும் அப்படித்தான். பெங்களூரு பீன்யாவில் கொட்டகையில் செய்த 360 கிலோ பெட்டியை, 1975 ஏப்ரல் 19ல் ரஷ்யா தன் ராக்கெட்டில் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டது. ரஷ்யக் கண்காணிப்புக் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்துபோக அனுமதி, அதற்குப் பதில் செயற்கைக்கோளை ஏவித்தருவது என்பதுதான் ஒப்பந்தம். அடுத்து ஆப்பிள் என்ற செயற்கைக்கோள். ஐரோப்பாக்காரர்கள் ஏரியான் என்ற புது ராக்கெட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சோதனை ராக்கெட்டில் இடம் இருக்கிறது, வெடித்தால் நாங்கள் பொறுப்பில்லை, சும்மா வருகிறவர்கள் வரலாம் என்றார்கள். காலியாகப் போகிற சீட்! இந்தியா கைதூக்கியது. இரும்புப் பொருள் பக்கத்தில் இல்லாமல் ஆண்டெனாவைச் சோதிக்க வேண்டியிருந்ததால் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றிவைத்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1981 ஜூன் 19 அன்று ஆப்பிள் ஏறியது. கிராண்டால் காலி சீட்டைக் கொசுறாக்கி நாற்பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. சூரியத் தகடு ஒன்று விரியவில்லை. ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். கழிபட்ட செகண்ட்ஸ் சரக்கை ஓட்டத் தெரிந்தவர்கள்.

இப்போது நாமே கொசுறு போடுகிற கடைக்காரர். 1999 மே 26ல் பி.எஸ்.எல்.வி.யில் நம் செயற்கைக்கோளுக்குப் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு கொரியப் பெட்டியும் ஒரு ஜெர்மன் பெட்டியும் காசு கொடுத்துப் போயின. 2009ல் அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் செய்த 40 கிலோ அனுசாட் அப்படி ஒட்டிக்கொண்டு போனது. 2017 பிப்ரவரி 15ல் ஒரே வண்டியில் 104. பெரிய சரக்கு ஒன்று, 714 கிலோ. மற்ற 103ம் இண்டு இடுக்கில் திணித்தவை. லாரியில் பண்டல் ஏற்றுகிற எங்கள் ஆட்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் குறை சொல்ல மாட்டார்கள்.

மதியம் மீன் குழம்புச் சாப்பாடு, சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை, ராத்திரி ரயில். விடிவதற்குள் கடை திறக்க வந்துவிட்டேன். தம்பியிடம் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். சைக்கிள் படத்தில் நின்றுவிட்டான். "கோனைக் கட்டின கயிறு லூசா இருக்குதுங்ணா," என்றான்.

மாதக் கடைசியில் கணக்கு எழுதுகிற பையன் கார்டு ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பாலிபேக் செலவு ஒரு பக்கம், புள்ளியில் போன டிக்கெட் ஒரு பக்கம். "இது சரக்குல டிஸ்கவுண்ட்டுங்களா, உங்க சொந்தச் செலவுங்களா? எந்தக் கணக்குலங்க எழுதறது?" என்றான். அதற்குள் கேரளப் பார்ட்டி படியேறி வந்துவிட்டார், இந்த முறை எண்பது பீஸ் வேண்டுமாம்.